எதிரொலி நிற்கும்போது வந்த இடி

ரேடியோ ரிப்பேர்க் கடைச் சாவியைக் கையில் கொடுத்த அன்று நீங்கள் மூன்று பேரும் கேட்டீர்கள், "அக்கா, எதுனா சொல்லிட்டுப் போங்க" என்று. அன்று நான் டீ மட்டும்தான் சொன்னேன். நாலு டீ, ஒன்றில் சர்க்கரை கம்மி.

இப்போது முழங்காலுக்கு ஓய்வு. மனசுக்கு அது வாய்க்கவில்லை, அதனால் எழுதித் தருகிறேன். ஈயம் உருக்குவது எப்படி, எந்தக் கம்பி எங்கே போகும் என்பதெல்லாம் இதில் இல்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைப் போனில் பார்த்துக்கொள்வீர்கள். போனில் இல்லாத ஒன்று இருக்கிறது. மூன்று மார்கழிக்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை நீளமுள்ள தப்பு. நினைத்தால் சிரிப்புதான் வருகிறது, கூடவே காது மடல் கொஞ்சம் சுடுகிறது.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் கஸ்தூரியின் காபிக் கடை. கடை என்றால் ஒரு மொட்டை மாடி, மேலே கீற்றுக் கொட்டகை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிரே மலை. அந்தச் சந்தில் குடியிருக்கிறவர்களில் பாதிப் பேர் சும்மா இருக்க வந்தவர்கள். கடல் தாண்டி வந்து, அறை எடுத்து, காலையில் கஸ்தூரியிடம் ராகி தோசை சாப்பிட்டுவிட்டு, திரும்பப் போய்ச் சும்மா இருப்பார்கள். அவ்வளவு சும்மாவுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை மட்டும், நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை கஸ்தூரி பாட்டு வைத்தாள். பாடுகிறவர் யாரும் கிடையாது. ஒரு கித்தார், ஒரு தாளம்.

கித்தார், தரணேந்திரன். தரணி என்போம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எழுத்தர். நாற்பத்தைந்து வயது, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, விரல் நுனியில் காய்ப்பு. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது இறங்கிய பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். பாட்டு ஐந்தரைக்கு முடிவது அதனால்தான். மார்கழிச் சூரியன் ஆறு அடிப்பதற்குள் நழுவிவிடும். கடைசிப் பாட்டு முடிந்ததும் கித்தாரைச் சுவரில் சாய்த்துவிட்டு டப்பாவைத் திறப்பார். இட்லி, வெங்காயம் போடாத சாம்பார். மேற்கே பார்த்தபடியே சாப்பிடுவார், கடைசி பஸ்ஸைத் தவற விடக்கூடாது என்கிற அவசரத்தோடு.

தாளம், ஜாபர். ஆட்டோ ஓட்டுகிறவன், முப்பது வயது. ஞாயிறு மாலை மட்டும் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே தட்டுவான். வாயும் கையும் ஒரே வேகம்.

கல்யாணக் குழுக்களில் கித்தாருக்கு வேலை போய் வெகுநாள் ஆகிறது. கீபோர்டுக்குள்ளேயே ஒரு கித்தார் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு போட வேண்டாம், அது சூரியனைப் பார்க்காது. வீட்டில் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், சத்தம் கூடாது. தரணிக்கு அந்த மாடியை விட்டால் வாசிக்க வேறு இடம் இல்லை. என்னிடம் ஒருமுறை சொன்னார், குரலில் ஏற்றம் இறக்கம் இல்லாமல், கோப்பில் குறிப்பு எழுதுகிற மாதிரி: "இதுவும் போச்சுன்னா கித்தாரு, ஆம்ப்பு ரெண்டையும் வித்துடறேங்க்கா. வேலூர்ல ஒருத்தர் கேட்டுக்கினே இருக்கார்."

கித்தாரின் சத்தத்தைப் பெருக்குகிற அந்த ஆம்ப், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் தரணிக்கே கொடுத்துவிட்டுப் போனது. விமானத்தில் அதன் எடைக்கு இன்னொரு ஆளே ஏறலாம். கண்ணாடி வால்வு போட்ட பழைய ஆம்ப். ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசாது, சூடேறி, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசும். புரட்டாசியில் என் கடைக்கு வந்தது. தூசு தட்டினேன், ஒரு வால்வு மாற்றினேன். அதற்குள் ஆயுத பூஜை. திருப்புளிக்கு, ஸ்டூலுக்கு, மல்டிமீட்டருக்கு எல்லாம் சந்தனம் குழைத்து வைத்த கையோடு ஆம்ப்புக்கும் ஒரு பொட்டு வைத்தேன். முன்பக்கம் துணி, கறை படும். அதனால் பின்பக்கத் தகட்டில். மறுநாள் தரணி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

இனி ஒரே ஒரு விளக்கம். உங்களுக்கு இல்லை, இந்தத் தாளை உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிற வீட்டாருக்கு.

ஆம்ப்புக்குள் இரண்டு அறை. முன்னறையில் கித்தாரின் சத்தத்துக்கு நிறம் ஏறும். பின்னறையில் பலம் ஏறும். நடுவில் ஒரு வாசல். முன்னறையிலிருந்து ஒரு துளை வழியாகச் சத்தத்தை வெளியே அனுப்பி, இன்னொரு துளை வழியாகத் திரும்ப வாங்கிப் பின்னறைக்குக் கொடுக்கலாம். இதற்கு லூப் என்று பேர். தரணியிடம் ஒரு எக்கோ பெடல் இருந்தது. காலால் ஒரு மிதி மிதித்தால் எதிரொலி வரும், இன்னொரு மிதியில் நிற்கும். அதை நேராகக் கித்தாரோடு மாட்டினால் எதிரொலியெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சேறாகிவிடும். நடுவாசலில் மாட்டினால் தனித்தனியாக விழும், கீற்றிலிருந்து மழை சொட்டுகிற மாதிரி. தரணியின் மெட்டுகள் எல்லாமே அந்தச் சொட்டுகளால் கட்டியவை. அவருடைய சொந்த மெட்டுகள். ஆபீஸ் போகிற வழியில், ஹெல்மெட்டுக்குள் பிறந்தவை.

முதல் ஞாயிறு. தரணி வருவதற்கு முன்னாலேயே போய், முதன்முதலாகப் பெடலை லூப்பில் மாட்டினேன். அவர் மாடியிலேயே விட்டுப்போகிற கித்தாரை மடியில் வைத்து ஒரு கம்பியைத் தட்டினேன்.

அப்பளம். ஒரு கட்டு அப்பளத்தைக் கையில் வைத்து நொறுக்குகிற சத்தம்.

"என்னாக்கா, டிபன் ரெடியா?" என்றான் ஜாபர்.

காரணம் எனக்குத் தெரியும். பெடல், கித்தாரிலிருந்து நேராக வருகிற மெல்லிய சத்தத்துக்காகச் செய்தது. ஆம்ப்பின் முன்னறையிலிருந்து வருவதோ பலத்த சத்தம். பௌர்ணமிக்கு வெளியூர் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், அங்கேயிருந்து ஷேர் ஆட்டோதான். ஒரு பஸ் ஜனமும் ஒரே ஆட்டோவில் ஏறினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த அப்பளம்.

பெடலில் ஒரு சின்னத் திருகு உண்டு, உள்ளே வருகிற சத்தத்தைக் குறைக்க. குறைத்தேன். மறுபடி தட்டினேன். சுத்தமாக இருந்தது. பெருமையாகக் கூட இருந்தது. அப்போதுதான் தரணி வந்தார், உட்கார்ந்தார், கையை ஓங்கி ஒரு வீசு வீசினார். அப்பளம்.

இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் என் விரலால் அளவு வைத்தேன். என் விரல் ரேடியோ திருகுகிற விரல். தரணி சாதுவானவர்தான், ஆனால் கித்தாரில் கை வைத்தால் ஆபீஸில் ஒரு வாரம் வாங்கின பேச்செல்லாம் கம்பிக்கு வந்துவிடும். வாசிக்கிறவரின் கைக்குத்தான் அளவு வைக்க வேண்டும், அதுவும் அவருடைய மோசமான கைக்கு. நான் அதைச் செய்யாமல், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்கிற கூச்சத்தில், திருகை இன்னும் குறைத்தேன். இன்னும். அப்பளம் நின்றது.

"இனிமே வராது கஸ்தூரி" என்றேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாம் ஞாயிறு. எதிரொலி சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் மெலிந்து போயிருந்தது. எறும்பு நடக்கிற சத்தம். தரணி ஆம்ப்பின் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினார். நானே கண்ணால், ஏற்றுங்கள் என்று ஜாடை காட்டினேன். மெட்டு மேலே ஏறி, ஒரு திருப்பத்தில், எதிரொலி இல்லாமல் வெறும் கித்தார் பேச வேண்டிய இடம் வந்தது. தரணி பெடலை மிதித்தார்.

இடி.

கஸ்தூரி கையிலிருந்த டம்ளர் தரையில். கடைப் பூனை கொட்டகையின் மேல். ஒரு மணி நேரமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் திறந்து, மலையைப் பார்த்து, "ஓ" என்றாள். அந்த மாலை மட்டும் மூன்று இடி. மூன்றாவதற்கு நான் தரணியிடம் போய், எல்லார் முன்னாலும் சொன்னேன்: "கொஞ்சம் மெதுவா அடிங்க தரணி."

"நான் ஒரே மாதிரிதாங்க்கா அடிக்கிறேன்."

"ஒரே மாதிரி அடிச்சா எப்படிங்க இப்படி வரும்?"

அவர் கித்தாரைச் சுவரில் சாய்த்தார். ஐந்தே காலுக்கே டப்பாவைத் திறந்தார். அன்றைக்கு மேற்கே பார்க்கவில்லை, டப்பாவையே பார்த்துச் சாப்பிட்டார். உங்களுக்கு நான் சொல்லித்தராத வாக்கியம் ஒன்று இருக்குமானால் அது இதுதான்: மெதுவாக அடியுங்கள். சாமானைப் பார்க்காமல் ஆளைக் குறை சொல்லுகிற வாக்கியம் அது.

திங்கட்கிழமை கஸ்தூரி கடைக்கே வந்துவிட்டாள். கையில் நாலு காலண்டர் தாள், தினமும் கிழிக்கிற காலண்டர். பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது.

"பக்கத்து வீட்டு சாரு குடுத்தனுப்பினார்க்கா. மௌனத்துல இருக்காரே, அவரு. ரெண்டு வாரமா எழுதறார். அந்த சந்துல இருக்கறவங்க காலையில வந்து சாப்பிட்டாதான் எனக்குக் கடை. அவங்களே சத்தம் தாங்காம ரூமை மாத்திக்கினு போயிட்டா நான் யாருக்கு தோசை ஊத்தறது?"

"நான் பாக்கறேன் கஸ்தூரி."

"போன வாரமும் இதான் சொன்னீங்க. இன்னொரு சீட்டு வந்துச்சுன்னா ஞாயித்துக்கிழமைய நிறுத்திடறேன். தரணி அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வாய் வராது."

அவள் போன பிறகு தாள்களை மேஜையில் பரப்பினேன். திட்டு இருக்கும் என்று நினைத்தேன். ஒரு திட்டும் இல்லை. இப்படி இருந்தது:

4.12 சரி. 4.19 காணோம். 4.23 இடி. 4.31 சரி. 4.38 காணோம். 4.44 இடி. 4.51 சரி. 4.57 காணோம். 5.03 இடி.

நிமிடக் கணக்கு. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் அந்தச் சொல் கண்ணில் தைத்தது. காணோம். சத்தமே வேண்டாம் என்கிற ஆள், சத்தம் குறைந்ததை ஏன் எழுத வேண்டும்? குறைந்தால் நிம்மதிதானே. இந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

புதன்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் நின்றேன். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் அகலமான கைக்கடிகாரம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் என்று ஜாபர் சொல்லியிருந்தான். அப்போதுதான் அந்த நிமிடக் கணக்கு எனக்கு விளங்கியது. வேலை அவரை விட்டிருக்கலாம், அவர் கை வேலையை விடவில்லை.

மௌனத்தில் இருக்கிறவரோடு பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன்.

"வணக்கம் சார். நான்தான் அந்த இடிக்காரி. மன்னிச்சிக்கோங்க. திட்டறதா இருந்தா எழுதிக்கூட திட்டலாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. குடத்தை வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். இடின்னு எழுதியிருக்கீங்களே, அது பாட்டு வேகமா போறப்ப வருதா? அவரு கைய ஓங்கறப்ப வருதா?"

இல்லை என்று தலையாட்டினார். பையிலிருந்து பேனா, மடித்த காலண்டர் தாள். எழுதி நீட்டினார்.

"எதிரொலி நிற்கும்போது."

முப்பது வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் நான். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், வாயை மூடி உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் பழுதை நிமிடத்தோடு எழுதி இரண்டு வாரமாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார், நான் அதைப் புகார் என்று நினைத்திருக்கிறேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கி, கீழே இன்னொரு வரி சேர்த்தார். "சத்தம் பிரச்சினை இல்லை. திடீர்தான் பிரச்சினை."

திரும்பும்போது ஜாபரின் ஆட்டோவில் ஏறினேன். போகிற வழியில் சத்தமாக யோசித்தேன். அவனிடம் வாய் திறந்தால்தான் என் தலை திறக்கும்.

"பெடலுக்குள்ள போறத நான் குறைச்சேன்டா. பஸ் ஜனத்த இறக்கி மூணு பேர மட்டும் ஆட்டோவுல ஏத்தினேன். அது சரிதானே?"

"சரிதான்க்கா. அந்த மூணு பேரையும் நான் சாமி கும்பிட வச்சிக் கூட்டியாந்து திரும்ப பஸ்சுல ஏத்திட்டேன்."

"ஆமா."

"மீதி ஐம்பது பேரு?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி அவனே தொடர்ந்தான்.

"மூணு பேர வச்சிக்கினு பஸ்ஸ எடுத்தா கண்டக்டர் தூங்கிடுவாருக்கா. எழுப்பறதுக்கு தரணி அண்ணன் வால்யூம ஏத்தறார். அப்ப பாத்து அவரு பெடல நிறுத்தி, ஆட்டோவே வேணாம்னு அனுப்பிட்டா? ஐம்பத்து மூணு பேரும் ஒரே நேரத்துல திபுதிபுன்னு பஸ்சுலயே வந்து ஏறுவாங்க."

சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். நான் குறைத்தது பெடலுக்குள் மட்டும். பெடல் வேலை செய்கிறபோது சத்தம் மெலியும். பெடலை நிறுத்தினால் ஆம்ப்பின் முழுப் பலமும் அப்படியே வந்து விழும். உள்ளே போகிறபோது குறைக்கிறவள், வெளியே வருகிறபோது கூட்டித்தர வேண்டும். பெடல் ஓடினாலும் நின்றாலும் இரண்டும் நடக்க வேண்டும். பாதி வேலை செய்துவிட்டு முழு வேலைக்குத் தலை நிமிர்த்தியிருக்கிறேன், கூடவே ஒரு நல்ல மனிதரின் கையைப் பழித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே வேங்கிக்கால் போனேன். ஆபீஸ் விட்டு வண்டியை எடுக்கிற இடத்தில் தரணியைப் பிடித்தேன்.

"உங்க கை மேல தப்பு இல்லைங்க. என் மேலதான்."

"அத விடுங்க்கா. ஞாயித்துக்கிழமை இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"வேலூர்க்காரர் நாளைக்குப் போன் பண்றேன்னார்."

"திங்கக்கிழமை பண்ணச் சொல்லுங்க."

மூன்று நாள் உட்கார்ந்து, லூப்பில் மாட்ட ஒரு டப்பா செய்தேன். ஒரு பக்கம் குறைக்கும், மறுபக்கம் கூட்டும். ஞாயிறு மூன்றரைக்கு மாடியில் மாட்டினேன். இடி போயிருந்தது, அப்பளமும் போயிருந்தது. ஆனால் டப்பாவுக்குள் ஒரு தேன்கூடு. ம்ம்ம்ம் என்று ஓயாத ரீங்காரம். என் மேஜையில் வராத ரீங்காரம் அந்த மாடியின் கரண்டில் வந்தது. கம்பியை மாற்றினேன், இடம் மாற்றினேன், பிளக்கைத் திருப்பினேன். சும்மா இருக்க வந்தவர்களுக்கு அந்த ம்ம்ம் இடியை விட மோசம்.

நாலுக்கு எட்டு நிமிடம். தரணி கித்தாரை மடியில் வைத்து, வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரி அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு. பக்கத்து மொட்டை மாடியில் ஸ்டேஷன் மாஸ்டர், நாற்காலி, மடியில் காலண்டர் தாள்.

"பெடலே வேணாங்க்கா" என்றார் தரணி. "வெறுமனே வாசிச்சிட்டுப் போறேன். கடைசி தடவைதானே."

டப்பாவைக் கழற்றினேன். அதில்தான் எனக்கு வலித்தது. மூன்று நாள் செய்தது, நன்றாகச் செய்தது. அந்த இடத்துக்கு ஒப்பவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் அதோடு மல்லுக்கட்டியிருந்தால் மீதிக் கதை இல்லை. நீங்கள் செய்தது உங்களுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒப்பவில்லையென்றால் கழற்றிக் கீழே வையுங்கள். அதைக் கும்பிட அப்புறம் நேரம் கிடைக்கும்.

ஆம்ப்பை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஏன் என்று தெரியாது. தோற்றுப்போனவர்கள் சாமானின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஜாபர் குனிந்தான். "இது இன்னாக்கா, இவ்ளோ பெரிய பொட்டு?"

"ஆயுத பூஜைக்கு வச்சது."

"யாரு வச்சது, பொட்டா வச்சாங்களா, பூசி வச்சாங்களா?"

"நான்தான்டா வச்சேன்."

"எங்க ஸ்டாண்டுலயும் நீங்கதான் வச்சீங்க. என் வண்டி மீட்டரே தெரியல."

"ஓடாத மீட்டரு தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னா."

தரணி சிரித்துவிட்டார். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. ஜாபர் விடவில்லை, விரலால் பொட்டைச் சுரண்டினான். ஒரு பொருக்கு உதிர்ந்தது. உள்ளே ஏதோ கறுப்பாக மின்னியது.

அவன் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்ற கஸ்தூரியிடம் ஆம்ப்பின் பக்கம் வராதே என்றேன். மேஜை மேலிருந்து ஒரு பல்குச்சி எடுத்தேன். மண்டியிட்டேன். காய்ந்த சந்தனம் சிமென்டு மாதிரி இறுகியிருந்தது. குத்தி, நெம்பி, ஊதி எடுத்தேன். லூப் துளைகள் இரண்டுக்கும் நடுவே, தகட்டில் பள்ளமாகப் பதிந்து, அரிசியளவில் ஒரு நகர்த்தும் சுவிட்ச். இரண்டு நிலை. ஒன்று ஸ்டுடியோவில் இருக்கிற பெரிய கருவிகளுக்கு, மற்றது பெடலுக்கு. போகிறபோது குறைத்து, வருகிறபோது கூட்டி, இரண்டையும் தானே செய்கிற சுவிட்ச். நான் மூன்று நாள் உட்கார்ந்து செய்ததை, அந்த ஆம்ப்பைச் செய்தவர் எப்போதோ செய்து பின்பக்கம் வைத்திருக்கிறார். நான் அதன்மேல் பொட்டு வைத்து மூடியிருக்கிறேன்.

"அக்கா" என்றாள் கஸ்தூரி. "நாலு ஆவப் போவுது."

எழுத்து தேய்ந்திருந்தது. எந்த நிலை எதற்கு என்று தெரியவில்லை. தப்பான பக்கம் இருந்தால் இன்னொரு இடி, அத்தோடு எல்லாம் முடிந்தது. ஆம்ப் வால்யூமைச் சுத்தமாக இறக்கினேன். பெடலின் திருகைப் பழையபடி நடுவில் வைத்தேன். சுவிட்ச் இடப்பக்கம் இருந்தது; வலப்பக்கம் தள்ளினேன். எழுந்து, பக்கத்து மாடியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"சார், இது சோதனை. எழுதிடாதீங்க."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தரணி, பெடலை நிறுத்திட்டு வாசிங்க. நல்லா ஓங்கி. உங்க ஆபீசரை நெனைச்சிக்கோங்க."

"எந்த ஆபீசர?"

"ரொம்பப் புடிக்காதவர."

கையை ஓங்கினார். நான் வால்யூமை ஒரு நூல், ஒரு நூலாக ஏற்றினேன். மோசமானதை முதலில் கேட்டுவிட வேண்டும். நல்லது தானாக அதற்குள் அடங்கும். போதும் என்ற இடத்தில் கையை எடுத்தேன். "இப்ப மிதிங்க."

மிதித்தார். எதிரொலி வந்தது. சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெறும் கித்தார் நின்ற அதே உயரத்தில், சொட்டுச் சொட்டாக. இன்னொரு மிதி. நின்றது. ஒன்றுமே நடக்கவில்லை. என் முப்பது வருஷத்தில் நான் கேட்ட மிக அழகான ஒன்றுமில்லை அது.

நாலு மணிக்குத் தொடங்கினார்கள். அன்று வாசித்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை ஓடி ஓடி வந்து மோதுகிறது, எதையும் நிறுத்தி வைக்க முடியவில்லை. மலைமேல் வெயில் நிறம் மாறிக்கொண்டே வந்தது. ஜாபர் பெட்டியைத் தட்டவில்லை, தடவினான். தரணியின் கால் பெடலுக்குப் போகும்போதெல்லாம் கஸ்தூரி டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டாள். கால் விழும். எதிரொலி நிற்கும். வெறும் கித்தார் அதே உயரத்தில் நடந்து போகும். நாலாவது தடவை அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தரணியின் காலைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டாள். பூனை கொட்டகையிலிருந்து இறங்கி ஆம்ப்பின் மேல் சுருண்டது. அங்கே வால்வுச் சூடு.

கடைசி மெட்டு முடிந்தபோது பக்கத்து மாடியில் நாற்காலி காலி.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தானே ஏறி வந்தார். கையில் ஒரு காலண்டர் தாள். கஸ்தூரி முகம் வெளுத்தது. கையை நீட்டி வாங்கினாள், படித்தாள், தரணியிடம் கொடுத்தாள். தரணி படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"4.00 முதல் 5.28 வரை. குறித்த நேரப்படி."

அவ்வளவுதான். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

தரணி டப்பாவைத் திறந்தார். மேற்கே இன்னும் ஒரு விரல்கடை சூரியன் இருந்தது. ஒரு இட்லியைப் பிட்டு சாம்பாரில் தோய்த்தபடி கேட்டார், "வேலூர்க்காரருக்கு என்னாங்க்கா சொல்றது?"

"காணோம்னு எழுதி அனுப்பிடுங்க" என்றான் ஜாபர்.

அந்த ஞாயிறுகள் இன்னும் நடக்கின்றன. முழங்கால் விடுகிற நாட்களில் நானும் போவதுண்டு. அந்தத் தாள் கடை மேஜையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. சர்க்யூட் படம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆயுத பூஜை வருகிறது. பொட்டு வையுங்கள், வைக்காமல் இருக்காதீர்கள். நமக்குச் சோறு போடுகிற சாமான்கள். ஆனால் வைப்பதற்கு முன்னால் பின்பக்கம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அரிசியளவு எது இருந்தாலும் அதன்மேல் வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். தரணியின் ஆம்ப்புக்கு வருஷா வருஷம் நான் அப்படித்தான் வைக்கிறேன்: சுவிட்சுக்கு வலப்பக்கம், சின்னதாக ஒன்று. எழுத்து தேய்ந்துபோன இடத்தில் இப்போது அந்தப் பொட்டுதான் எழுத்து.